இன்னொரு செண்பகவல்லி

ஜனவரி 13, சனி. கொச்சி

மதுரையில் வண்டி ஏறியதிலிருந்து இவர் பயணத் தாளை நான்கு முறை சத்தமாக வாசித்துவிட்டார். கடற்கரை, படகு வீடு, தேயிலை மலை. ஒன்பது நாள். 'அவசரமில்லாத ஓய்வுப் பயணம்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் அவசரமில்லாமல் வேலை பார்த்த மனுஷருக்கு அதைத் தாளில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வருகிற இருபதாம் தேதி எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. அதற்காக மகள் யாழினி பெங்களூரில் இருந்தபடியே எல்லாவற்றையும் பதிவு செய்து, அப்பாவும் அம்மாவும் போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் தற்செயல் விடுப்புப் போட்டேன். தலைமையாசிரியை இல்லாமல் பள்ளிக்கூடம் ஓடிவிடாது.

மலை வேண்டாம், கடலோடு திரும்பிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். இவர் கேட்கவில்லை. நான் பிறந்த ஊர்ப் பக்கம் முப்பத்திரண்டு வருஷமாக என்னைக் கூட்டிப் போகவில்லையாம், அது அவர் மனசை உறுத்துகிறதாம். மூணாறு பக்கம் ஏதோ எஸ்டேட் ஆபீசில் அப்பா கிளார்க், அம்மா அப்பா இருவரும் போய்விட்டார்கள், நான் ஒரே பிள்ளை. இதுதான் அவருக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

குருவு இரண்டு முறை போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு. கொச்சி

காலையில் சீன வலை பார்த்தோம். ஆறு பேர் கயிற்றைப் பிடித்துத் தொங்கி ஒரு பெரிய வலையைத் தூக்குகிறார்கள். உள்ளே கைப்பிடி மீன். இவரும் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்து, அதை என்னைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். படத்தில் இவர் இழுப்பதுபோலவும், மற்ற ஆறு பேர் வேடிக்கை பார்ப்பதுபோலவும் வந்திருக்கிறது.

இந்த நோட்டை இவர் தொட மாட்டார். அடுத்தவர் எழுதியதைப் படிக்காத நல்ல குணம் அவருக்கு உண்டு. அதனால் இங்கே எழுதலாம்.

குருவம்மாள் என் தங்கை. என்னைவிட மூன்று வயசு சின்னவள். நாற்பது வருஷமாக மேல்சோலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். ஆனால் எஸ்டேட் பதிவேட்டில் குருவம்மாள் என்று ஒருத்தி இல்லை. அங்கே அவள் பெயர் செண்பகவல்லி. பிறந்த தேதி 20.1.1966. என் பெயர், என் தேதி. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டித்தான் வேலையில் சேர்ந்தாள்.

ஆகவே வருகிற சனிக்கிழமை எனக்கு ஐம்பத்தெட்டு ஆகும்போது அவளுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். நிஜத்தில் அவளுக்கு ஐம்பத்தைந்துதான். ஓய்வு என்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலை செய்கிறவர் பெயரில்தான் வீடு. புருஷன் இல்லை. மகள் அபிநயா நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள், முடிய இன்னும் மூன்று வருஷம். புது மேனேஜர் நல்ல மாதிரியாம். சான்றிதழுக்குச் சொந்தக்காரி நேரில் வந்து சொன்னால் வயதைத் திருத்தித் தருகிறேன், மூன்று வருஷம் வீட்டிலேயே இருக்கலாம் என்றிருக்கிறார்.

ஒரே ஒரு வாக்கியம். இது என் சான்றிதழ், இவள் என் தங்கை. தீபாவளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பள்ளியில் ஆண்டாய்வு, லீவு கிடைக்காது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 15, திங்கள். ஆலப்புழை

படகு வீட்டில் பொங்கல். சமையல்காரர் சேமியா பாயசம் வைத்துவிட்டு "ஹேப்பி பொங்கல்" என்றார். இவர் சூரியனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இரண்டு கிண்ணம் குடித்தார்.

நாள் முழுக்க மேல்தட்டில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கரை என்றால் வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு வரப்பு, அதன்மேல் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்புறத்தில் தண்ணீருக்கு இறங்கும் படி. பெண்கள் பாத்திரம் விளக்குகிறார்கள், துணி அலசுகிறார்கள், பிள்ளைக்குத் தலை துவட்டுகிறார்கள். நாங்கள் அடுத்தவர் அடுப்படியைப் பார்த்தபடியே நாலு கிலோமீட்டர் போகிறோம். என்ன அமைதியான வாழ்க்கை என்றார் இவர். மீன் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி எங்கள் படகு நெருங்கியதும் எழுந்து முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். படகு கடக்கும்வரை திரும்பவில்லை. ரோஷக்காரி.

எங்கள் லயத்தில் பத்து வீடு. ஒரு ரூம், ஒரு சமையல் மூலை. எண்பத்து நாலில் அம்மா கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்து இடுப்பு உடைந்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். ஒரு மாசத்துக்குள் குடும்பத்தில் பதினெட்டு வயசு ஆன யாராவது பெயர் கொடுத்து வேலையில் சேராவிட்டால் வீடு போய்விடும். பதினெட்டு ஆனவள் நான். பிளஸ் டூ பாஸ். மதுரையில் காலேஜ் சீட் வந்திருந்தது. குருவுக்குப் பதினைந்து. என் சான்றிதழைக் கொடுத்து அவளைச் சேர்த்துவிடலாம், போட்டோவா ஒட்டியிருக்கிறது என்று மேஸ்திரி யோசனை சொன்னார். அம்மா ஒத்துக்கொண்டாள்.

எல்லா எஸ்டேட்டிலும் அப்போது இப்படி நடந்துகொண்டுதான் இருந்தது. நான் ஒன்றும் உலகத்தில் இல்லாத காரியத்தைச் செய்துவிடவில்லை.

ஜனவரி 16, செவ்வாய். ஆலப்புழை

வெயில். எழுத ஒன்றும் இல்லை. குருவு நான்கு முறை.

ஜனவரி 17, புதன். மாராரிக்குளம்

கடற்கரை. தென்னைகளுக்கு நடுவே கட்டிய ஊஞ்சல் படுக்கையில் இவர் ஏறிப் படுத்துவிட்டு இறங்கத் தெரியாமல் அரைமணி நேரம் கிடந்தார். இரண்டு பேர் வந்து இறக்கிவிட்டார்கள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த நல்ல நேரத்தில் போன் அடித்ததால் யார் என்று பார்க்காமல் எடுத்துவிட்டேன்.

குருவு அழவில்லை. அவள் அழ மாட்டாள். மேனேஜர் சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிவரை ஆபீசில் இருப்பாராம், அதற்குப் பிறகு ஓய்வுப் பேப்பர் கோட்டயம் பி.எஃப். ஆபீசுக்குப் போய்விடுமாம். ஒருநாள் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாமே என்றாள். பொங்கல் முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், நகர முடியாது என்றேன்.

"அது என்னக்கா சத்தம், குமுறிக் குமுறி?" என்று கேட்டாள்.

மழை என்று சொன்னேன்.

"சரிக்கா" என்றாள். தை மாசம் மதுரையில் என்ன மழை என்று கேட்கவில்லை.

எனக்குப் பயம். அதை இங்காவது எழுதுகிறேன். அரசாங்கச் சம்பளத்தில் இருக்கிற தலைமையாசிரியை, தன் சான்றிதழை ஆள்மாறாட்டத்துக்குக் கொடுத்தேன் என்று ஒரு கம்பெனி ஆபீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு அந்தத் தாள் எங்கெங்கே போகும்? இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் இருக்கிறது. அப்புறம் இவர். முப்பத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்திருந்த ஆளிடம் எனக்கு ஒரு தங்கச்சி உண்டு என்று எந்த வாயால் தொடங்குவது?

ஜனவரி 18, வியாழன். மலை

அடிமாலி தாண்டியதும் குளிர்ந்தது. டிரைவர் பேபிச்சன் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏலக்காய் வாசனையை அனுபவிக்கச் சொன்னார். இவர் மூச்சை இழுத்து இழுத்து அனுபவித்தார். நான் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

யாழினி பதிவு செய்திருப்பது 'பழைய துரை பங்களா' என்று மட்டும்தான் தாளில் இருந்தது. எந்த எஸ்டேட் என்று இல்லை. மூணாறு தாண்டி, வண்டி இடதுபுறம் திரும்பி, பாலம் ஏறி, ஒரு வளைவுக்குள் நுழைந்தபோது மேலே பலகையைப் பார்த்தேன். மேல்சோலை.

இத்தனை எஸ்டேட் இருக்க, என் மகள் கண்ணுக்கு இதுதான் அகப்பட்டிருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

சின்ன வயசில் இந்தப் பங்களா வேலிக்கு இந்தப்புறம் வரக்கூடாது. இப்போது பட்லர் அந்தோணி குடை பிடித்துக் கூட்டிப் போகிறார். அறுபது வயசிருக்கும், வேறு எஸ்டேட்டிலிருந்து வந்தவர், என்னைத் தெரியாது. ஜன்னலைத் திறந்தால் கீழே லயம். தகரக் கூரைகள், கொடியில் துணி. எங்கள் வீடு மூன்றாவது. நீலச் சாயம் அடித்திருக்கிறாள்.

அந்தோணி ஆதார் அட்டைகளை வாங்கிக் குறித்துக்கொண்டே போனவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், எங்க எஸ்டேட்லயும் ஒரு செண்பகவல்லி இருக்காங்க. அதே வருசம், அதே தேதி. சனிக்கிழமை ரிட்டேர் ஆவுறாங்க."

இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே பெயர், ஒரே நாள், ஒரே வயசு, எப்பேர்ப்பட்ட பொருத்தம் என்று வியந்து வியந்து பேசினார். பிறகு அவருக்கே உரிய யோசனை ஒன்று உதித்தது. சனிக்கிழமை அந்த அம்மாவையும் கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து புல்வெளியில் கேக் வெட்டினால் என்ன? மேனேஜர் துரையையும் வரச் சொல்லலாமே? பாவம், நாற்பது வருஷம் உழைத்தவர், யார் மரியாதை செய்யப்போகிறார்கள்?

அந்தோணி நெஞ்சில் கை வைத்து, ரொம்ப நல்ல மனசு சார் என்றார்.

ஜனவரி 19, வெள்ளி

தலைவலி என்று படுத்துவிட்டேன். கேக் வேண்டாம், ஊருக்குப் போய்விடலாம் என்றேன். வயசானால் பிறந்தநாள் என்றாலே பெண்களுக்குக் கோபம் வரும் என்று இவர் அந்தோணியிடம் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

ஜன்னலை மூடி வைத்திருக்கிறேன். இருந்தும் காலை ஏழரைக்கு மஸ்டர் ஆபீசில் பெயர் கூப்பிடுவது மேலே வரை வருகிறது. செண்பகவல்லி என்று கூப்பிட்டார்கள். ஒரு குரல் பதில் சொன்னது. நாற்பது வருஷம் தினமும் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள்.

பதினைந்தாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை முடியாது என்றாள். தகரப் பெட்டியைத் திறந்து சான்றிதழை எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்தது நான். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து எனக்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டதும் நான். குருவு பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்குவாள். எனக்கு ஒருபோதும் அறுபதைத் தாண்டியதில்லை.

இன்று குருவு கூப்பிடவே இல்லை.

ஜனவரி 20, சனி

நாலு மணிக்குப் புல்வெளியில் மேசை போட்டார்கள். கேக்கின்மேல் செண்பகவல்லி என்று ஒருமுறைதான் எழுதியிருந்தது. ஒரே பெயர் என்பதால் ஒரு தடவை போதுமே என்று இவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். மேனேஜர் வந்திருந்தார். நாற்பது வயசுதான் இருக்கும், மரியாதையான மனுஷர்.

குருவு படியேறி வந்தாள். மஞ்சள் புடவை, எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, தோளில் ஒரு துணிப்பை. முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் திடுக்கிடுவாள் என்று இரண்டு நாளாகச் செத்துக்கொண்டிருந்தேன். அவள் திடுக்கிடவில்லை. அந்தப் பெயரில், அந்தத் தேதியில், மதுரையிலிருந்து ஒரு மேடம் வந்திருப்பதாக அந்தோணி சொன்னபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் அவளுக்காக வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறையில் தாள்கள். என் சான்றிதழும் அவளுடைய பள்ளிக்கூட டீசியும். எடுத்து நீட்டத் தயாராக வந்திருந்தாள்.

பார்த்தால் எனக்கு அக்கா மாதிரி இருந்தாள். பல் இரண்டு போயிருந்தது. முதுகு மூட்டைக்குப் பழகி முன்னால் வளைந்திருந்தது. இவர் என் காதருகே, உன் வயசுதானா இது, பாவம் என்றார். மூன்று வயசு சின்னவள்.

இவர் ஒரு சின்னப் பேச்சுப் பேசினார். கடவுள் ஒரே நாளில் இரண்டு செண்பகவல்லிகளைப் படைத்து, ஒருத்தியைப் பள்ளிக்கூடத்துக்கும் ஒருத்தியைத் தேயிலைக்கும் அனுப்பினார் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். குருவும் தட்டினாள். தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

மேனேஜர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபது.

"செண்பகவல்லி, உங்க அக்கா வருவாங்கன்னு சொன்னீங்களே. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் எனக்கு டைம். வந்தாங்களா?"

குருவு அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கத்தியில் ரிப்பன் கட்டுவதில் மும்முரமாக இருந்தார். ஒரு வாக்கியம். ஏழு வார்த்தைகூட வராது. பிள்ளைகளுக்கு முப்பது வருஷமாக வாக்கியம் அமைக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ரிப்பன் கோணலாக இருக்கிறது என்று இவரிடம் சொல்லி, அதை வாங்கி நேராகக் கட்டினேன்.

"வரலைங்க சார்" என்றாள் குருவு. "அவளுக்கு லீவு கெடைக்கலையாம்."

கேக் வெட்டினோம். கத்தியைப் பிடித்த என் கைமேல் அவள் கையை வைக்கச் சொன்னார்கள். விரல் வெடிப்புகளில் கொழுந்துக் கறை கறுப்பாக ஊறியிருந்தது. ஒரு துண்டு எடுத்து எனக்கு ஊட்டினாள். நன்றாயிருக்கணும் மேடம் என்றாள். மேடம் என்றாள்.

இவர்தான் படிவரை போய் வழியனுப்பிவிட்டு வா என்று அனுப்பினார். மூன்று படி இறங்கியதும் அவள் நின்றாள். யாருக்கும் கேட்காது.

"கடல் நல்லா இருந்துச்சாக்கா?"

பிளாஸ்டிக் உறையிலிருந்து என் சான்றிதழை எடுத்தாள். மடிப்பெல்லாம் விட்டுப்போய் பின்னால் தாள் ஒட்டியிருந்தது.

"இந்தா. ஒன் பேரு. நாப்பது வருசம் போட்டுக்கிட்டேன், நைஞ்சு போச்சு. இனிமே நீயே வச்சுக்க."

என் கையில் வைத்துவிட்டு, புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி இறங்கிப் போனாள். அபிநயாவைப் பற்றிக் கேட்க நினைத்தேன். எங்கே போவாய் என்று கேட்க நினைத்தேன். நினைத்ததெல்லாம் படிக்கு மேலேயே நின்றுவிட்டது.

ஆபீசில் மேனேஜர் அஞ்சு பத்து வரை விளக்கைப் போட்டு வைத்திருந்தார். ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அணைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 21, ஞாயிறு. வழியில்

போடிமெட்டு இறங்கும்போது இவர் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு படத்தை விரலால் பெரிதாக்கினார். நானும் குருவும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு பேருக்கும் இடது காதின் கீழ்மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும், அம்மாவுக்கு இருந்த மாதிரி. இரண்டு பேருமே சிரிக்கும்போது வாயை வலதுபுறம் இழுப்போம். வெகுநேரம் பார்த்தார்.

"உனக்குக் கூடப் பிறந்தவங்க யாருமே இல்லைன்னுதானே சொன்ன?"

"ஆமா" என்றேன்.

இன்னும் ஒருமுறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அப்படித்தான் இப்போது தோன்றுகிறது. அவர் கேட்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டார். மதுரை வரும்வரை எதையும் சத்தமாக வாசிக்கவில்லை.

ஜனவரி 22, திங்கள். மதுரை

எட்டரைக்கே பள்ளிக்கு வந்துவிட்டேன். குருவின் போன் அணைந்திருக்கிறது. ஆறு முறை அடித்துப் பார்த்தேன். பிறகு பங்களாவுக்கு அடித்தேன். அந்தோணி எடுத்தார்.

லயத்தில் மூன்றாம் வீட்டுக் குருவம்மாள் எங்கே போனாள் என்று கேட்டேன்.

"குருவம்மாளா? அந்தப் பேர்ல எங்க எஸ்டேட்ல யாரும் இல்லீங்களே மேடம்."

செண்பகவல்லி என்று நான்தான் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர்கள் நேற்றுக் காலையிலேயே சாமான்களை ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லையாம். சாவியை ஆபீசில் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்களாம். பிறகு அந்தோணி தயங்கிக் கேட்டார், தப்பா நினைக்காதீங்க, நீங்க அவங்களுக்கு ஏதாவது சொந்தமா மேடம்?

அவர் ஒரு முறைதான் கேட்டார். ஆனால் கேட்டார். அறையில் வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

"இல்லங்க. ஒரே பேரா இருக்கேன்னு விசாரிச்சேன்" என்றேன்.

பிரேயர் மணி அடித்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனேன்.